ஈரப்பதம்

பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
பஸ்ஸை நிறுத்தச் சொல்லி
ஓரமாகக் குந்தி வாந்தியெடுத்தார் சவரிராயன்.
அண்ணியின் தம்பி. தூத்துக்குடி.
பத்தொன்பது வருஷம் சரக்குக் கப்பலில்.
"பிஸ்கே வளைகுடாவுல மூணு நாள் புரட்டியெடுத்தப்பவும்
சோறு தங்கின வயிறு இது"
என்று முடிப்பதற்குள் மறுபடி குனிந்தார்.
கண்டக்டர் நீட்டிய எலுமிச்சம்பழத்தைக்
குரங்கு வாங்கிக்கொண்டது.

"சேர்வராயன் மலையாம்.
சவரிராயனை மட்டும் சேத்துக்க மாட்டேங்குது."

பூங்காவில் அவர் பூ எதையும் பார்க்கவில்லை.
பூச்சி தின்னும் ஜாடிச்செடியைச் சுற்றி
அண்ணியும் பிள்ளைகளும் செல்ஃபி எடுத்தார்கள்.
இவர் குதிகாலால் பாறையைத் தட்டிப் பார்த்து
"இது எத்தனை ஆழம் போகும்?" என்றார்.
கல்லுக்கு ஆழம் கேட்ட முதல் ஆள்.

பாக்சைட் தோண்டி மூடிய மேட்டில்
சில்வர் ஓக் வரிசையாக நின்றது,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, அளவெடுத்து.
பக்கத்தில் துருப்பிடித்த பலகை:
கஞ்சமலை இரும்புக்கல்லை அந்தக் காலத்தில்
பரிசலேற்றிக் காவேரியில் விட்டு
பரங்கிப்பேட்டைக் கடற்கரை வரை கொண்டுபோனார்களாம்.
இரண்டு தடவை படித்தார்.
"ஏத்தினவன் எடை பாத்திருப்பான்.
ஈரம் பாத்தானா?"

நான் திரும்பிக்கொண்டேன்.

கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தால் சேலம்.
வீடுகளுக்கு நடுவே
சுண்ணாம்பு கொட்டிய மாதிரி வெள்ளைக்கல் சுரங்கம்.
அதில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே
பதினோரு வருஷமாக நான் செய்வது இதுதான்:
ஒரு பிடி மண், தராசு,
நூற்றைந்து டிகிரியில் அடுப்பு, மறுபடி தராசு.
குறைந்தது எவ்வளவோ அது தண்ணீர்.
அந்த எண்ணை எழுதி முத்திரை குத்தினால் லாரி கிளம்பும்.
"அதுக்கப்புறம் எங்க போகும்னு தெரியாது" என்றேன்.
"அப்புறம் எங்ககிட்டதான் வரும்."

வேறு ஊர், வேறு துறைமுகம், வேறு மண்.
மழையில் நனைந்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள்.
பார்த்தால் தூள். காலை வைத்தால் கெட்டி.
எஞ்சின் அதிர அதிர
மூன்றாம் ராத்திரி கூழாகிவிட்டதாம்.
"கூழ் ஒரு பக்கம் சாஞ்சுச்சுன்னா
கப்பல் திரும்ப நிமிராது."
முந்தின துறைமுகத்தில் இவர் இறங்கிவிட்டார்.
சமையல்காரர் இருதயம் இறங்கவில்லை.
"காயிதத்துல எட்டுன்னு இருந்துச்சாம்."
"எட்டா?"
"எட்டு. எவனோ எழுதின எட்டு."

ஐப்பசியில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது.
அடுப்பு பாதியில் ஆறிக்கொண்டிருந்தது.
வாசலில் ஹாரன், ஹாரன், ஹாரன்.
நேற்றைய எண்ணையே
இன்றைக்கும் எழுதினேன்.
அது உள்ளூர்ச் சூளைக்குப் போகிற சரக்கு.
கடலைப் பார்க்காத சரக்கு.
இதையும் அவரிடம் சொல்லவில்லை.

ஏரியில் மிதிபடகு.
மீசை முளைக்காத பையன் ஒருவன்
அவர் மார்பில் ஆரஞ்சு ஜாக்கெட்டை இறுக்கி
"நீச்சல் தெரியுமா சார்?" என்றான்.
"தெரியாது தம்பி."
நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரியாதாம்.
நடுவில் போனபோது மூடுபனி இறங்கியது.
கரை போனது, பிள்ளைகள் குரல் மட்டும் இருந்தது.
உள்ளங்கையைப் பனிக்குள் நீட்டி
கொஞ்ச நேரம் வைத்திருந்து என் பக்கம் காட்டினார்.
"உங்க கணக்குல இது எத்தனை?"

அடுப்பும் தராசும் இல்லாமல்
எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது.

இறங்கும்போது வாந்தி வரவில்லை.
முன் சீட்டில் தூங்கிவிட்டார்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
ஒவ்வொரு வளைவுக்கும்
தலை ஜன்னல் பக்கம் முழுக்கச் சாயும்,
அங்கேயே கொஞ்சம் நிற்கும்,
பிறகு நிமிரும்.
கோரிமேடு வரும்வரை
நான் வெளியே பார்க்கவில்லை.